கசிவை நிறுத்தும் அறுவை சிகிச்சை: நரம்புகளுக்கும் தாம்பத்தியத்துக்கும் என்ன ஆகும்?

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், குழந்தையைத் தூக்கினால் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடுகிறது. பல பெண்கள் இதை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பேட் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் டாக்டரிடம் போகிறார்கள், பயிற்சி செய்து பார்க்கிறார்கள், அது போதாதபோது ஆபரேஷன் என்ற பேச்சு வருகிறது. அப்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வரும்: கசிவு நிற்குமா? கத்தி வைக்கும் இடத்தைச் சுற்றி என்னென்ன நரம்புகள் ஓடுகின்றன, பிறகு உடலுறவில் உணர்வு எப்படி இருக்கும் என்பதைக் கேட்க நோயாளிக்குக் கூச்சம். டாக்டரும் தானாக அதைத் தொடாமல் விட்டுவிடுவது உண்டு. கசிவு நிற்பது எவ்வளவு முக்கியமோ அதே அளவு முக்கியம் இந்தக் கேள்வி. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

எந்தக் கசிவு, எதற்கு ஆபரேஷன்

வயிற்றுக்குள் அழுத்தம் கூடும் நொடியில் சிறுநீர் கசிவது ஒரு வகை. இதை அழுத்தக் கசிவு என்போம். திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறையை எட்டுவதற்குள் போய்விடுவது வேறு வகை. அது அவசரக் கசிவு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அவசரக் கசிவில் சிறுநீர்ப்பையின் தசை வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது. அதற்குப் பயிற்சி, மாத்திரை, ஊசி என்று வைத்தியமே வேறு. இந்தக் கட்டுரையில் பேசும் ஆபரேஷன்கள் எல்லாம் அழுத்தக் கசிவுக்கு உரியவை. எந்தக் கசிவு என்று சரியாகப் பிரித்துப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கக் கூடாது.

பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அது யோனியின் முன்சுவர் மேல் படுத்திருக்கிறது. அந்தச் சுவரை இரண்டு பக்கமும் தசைகளும் திசுக்களும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தோட்டத்து ரப்பர் குழாயைக் கல்தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் உள்ளே புதையுமே தவிர மூடாது. பிரசவத்தாலும், வயதாலும், உடல் எடையாலும், விடாத இருமலாலும் அந்தத் தளம் தளர்ந்துவிட்டால், இருமும்போது குழாய் மூடிக்கொள்ளாமல் கீழே இறங்குகிறது. அதுதான் அழுத்தக் கசிவு. ஆபரேஷன் செய்வது அந்தத் தளத்தைத் திரும்ப உறுதியாக்குவதைத்தான்.

அதற்கு முன்னால், அந்தத் தளத்துத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இதைப் பிரபலப்படுத்தினார். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சரியாகக் கற்றுக்கொண்டு குறைந்தது 3 மாதம் செய்தால் பலருக்குக் கசிவு கணிசமாகக் குறைகிறது. இதில் நரம்புக்கு ஆபத்தே இல்லை. இதை முழுதாகச் செய்து பார்க்காமல் நேராக ஆபரேஷனுக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆபரேஷன் வகைகள்

முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, 1961-இல் ஜான் பர்ச் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்த முறை. அடிவயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பி வழியாகவோ உள்ளே போய், சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள யோனிச் சுவரைத் தூக்கி, இடுப்பெலும்பின் பின்புறம் இருக்கும் தசைநாரோடு தையல் போட்டுக் கட்டுவார்கள். இரண்டாவது, நோயாளியின் சொந்தத் திசுவால் செய்யும் ஸ்லிங். வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து, சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தொட்டில் மாதிரி கொடுப்பார்கள்.

மூன்றாவதுதான் இன்று உலகெங்கும் அதிகம் பேசப்படுவது: பாலிப்ரொப்பிலீன் நாடா. சுமார் 1 சென்டிமீட்டர் அகலமுள்ள, வலைபோல் பின்னிய ஒரு செயற்கைப் பட்டை. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டென் 1996-இல் இதை வெளியிட்டார். யோனியின் முன்சுவரில் சின்னதாக ஒரு வெட்டு. அதன் வழியாக வளைந்த ஊசியால் நாடாவைச் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் வைத்து, இரண்டு முனைகளையும் அந்தரங்க எலும்புக்குப் பின்னால் மேலே கொண்டுபோய் அடிவயிற்றில் எடுப்பார்கள். இதை மேல்வழி என்று வைத்துக்கொள்வோம். இந்த வழியில் ஊசி சிறுநீர்ப்பையைக் குத்திவிடும் அபாயம் இருப்பதால், 2001-இல் பிரான்சின் டெலோர்ம் வேறொரு தடம் சொன்னார். எலும்பின் பின்னால் போகாமல், தொடையிடுக்கு வழியாக, இடுப்பெலும்பில் இருக்கும் ஆப்டுரேட்டர் துவாரத்தின் ஊடே போவது. அவர் வெளியிலிருந்து உள்ளே ஊசியைக் கொண்டுவந்தார். 2003-இல் பெல்ஜியத்தின் டி லெவல் உள்ளிருந்து வெளியே கொண்டுபோனார். இரண்டையும் சேர்த்துப் பக்கவழி என்போம்.

நான்காவது, சிறுநீர்க்குழாயின் சுவருக்குள் ஜெல் போன்ற பொருளை ஊசியால் செலுத்தி அதைப் பருமனாக்குவது. வெட்டு இல்லை, நரம்புக்கு ஆபத்து மிகக் குறைவு. பலனும் மற்றவற்றை விடக் குறைவு, சிலருக்கு மறுபடி போட வேண்டிவரும்.

அந்த இடத்து நரம்புகள்

எந்த ஊசி எந்தத் தடத்தில் போகிறதோ, அந்தத் தடத்தில் இருக்கும் நரம்புதான் பாதிக்கப்பட வாய்ப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் புடெண்டல் நரம்பு. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில், சேக்ரல் 2, 3, 4 என்று எண்ணிடப்பட்ட வேர்களிலிருந்து வருகிறது. பிட்டத்தின் ஆழத்தில் இஸ்கியல் முள் என்ற எலும்பு முனையைச் சுற்றிக்கொண்டு, ஒரு குறுகிய கால்வாய்க்குள் புகுந்து முன்னால் வருகிறது. வரும் வழியில் மூன்றாகப் பிரிகிறது: ஒன்று ஆசனவாய்க்கு, ஒன்று யோனி இதழ்களுக்கும் அதைச் சுற்றிய தசைகளுக்கும், மூன்றாவது, யோனி இதழ்கள் முன்னால் சேரும் இடத்தில் சிறு மொட்டு போல இருக்கும் கிளிட்டோரிஸுக்கு. தொடு உணர்வு, இன்ப உணர்வு, சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளின் இறுக்கம் எல்லாம் இந்த ஒரு நரம்பை நம்பியிருக்கின்றன.

கிளிட்டோரிஸுக்குப் போகும் கிளை இடுப்பெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியே ஓடி, அந்தரங்க எலும்பு சந்திக்கும் இடத்துக்கு அடியில் மேலேறுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் அதன் நார்களை நுண்ணோக்கியில் எண்ணியபோது, இரண்டு பக்கமும் சேர்த்து 10,000-க்கு மேல் இருப்பது தெரிந்தது. இவ்வளவு முக்கியமான ஒரு நரம்பை மனிதத் திசுவில் எண்ணிப் பார்க்க இத்தனை காலம் ஆனது என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கிளிட்டோரிஸ் என்றால் வெளியே தெரியும் சிறு மொட்டு மட்டும் இல்லை. ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை நிபுணர் ஹெலன் ஓ'கானல் 1998-லும் 2005-லும் வெளியிட்ட உடற்கூறு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அதன் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. இரண்டு கால்களும் இரண்டு குமிழ்களும் சிறுநீர்க்குழாயையும் யோனியின் முன்பகுதியையும் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டிருக்கின்றன. அதாவது, நாடா வைக்கிற சிறுநீர்க்குழாயும் இன்ப உணர்வுக்குரிய திசுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யோனியின் முன்சுவரிலும் மெல்லிய நரம்பு நார்கள் நிறைய. அங்கே வைக்கும் வெட்டு எவ்வளவு சிறியதானாலும் உணர்வுள்ள இடத்தில்தான் வைக்கிறார்கள்.

அடுத்து, தானியங்கி நரம்புகள். சிறுநீர்ப்பை, கருப்பை, யோனி ஆகியவற்றின் பக்கவாட்டில் இவை வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. கிளர்ச்சியின்போது யோனியில் ஈரம் கசிவதும், கிளிட்டோரிஸில் ரத்தம் நிறைவதும் இவற்றின் வேலை. கருப்பையை அகற்றும் பெரிய ஆபரேஷன்களில், அதிலும் புற்றுநோய்க்காகச் செய்பவற்றில், இந்த வலை அறுபட வாய்ப்பு அதிகம். கசிவுக்கான நாடா அந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஆனால் கசிவு ஆபரேஷனோடு கருப்பை நீக்கத்தையோ கருப்பை இறக்கத்தைச் சரிசெய்வதையோ சேர்த்துச் செய்தால் கணக்கு மாறிவிடும். பிறகு வரும் மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டமாகிவிடும்.

மீதி இரண்டை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆப்டுரேட்டர் நரம்பு, தொடையின் உட்புறத் தசைகளை இயக்குகிறது, அங்கே தோலுக்கு உணர்வு தருகிறது. இலியோஇங்குவைனல், இலியோஹைபோகாஸ்ட்ரிக் என்ற இரண்டு மெல்லிய நரம்புகள் அடிவயிற்றுக்கும், தொடையிடுக்குக்கும், யோனி இதழின் மேல்பகுதிக்கும் உணர்வு தருகின்றன.

எந்த வழியில் எந்த நரம்பு

சொந்தத் திசு ஸ்லிங்கிலும் திறந்த பர்ச் ஆபரேஷனிலும் அடிவயிற்றில் குறுக்கு வெட்டு உண்டு. அந்த வெட்டின் இரு ஓரங்களும் இலியோஇங்குவைனல் நரம்பின் தடத்துக்கு அருகில் வருகின்றன. தையலிலோ தழும்பிலோ அது மாட்டிக்கொண்டால் வெட்டின் ஒரு முனையில் சுரீரென்ற வலி, தொடையிடுக்கில் மரமரப்பு, சில சமயம் உள்ளாடை பட்டாலே கூச்சம். 655 பெண்களைக் கொண்டு 2007-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கசிவை நிறுத்துவதில் சொந்தத் திசு ஸ்லிங் பர்ச்சை விட மேல் என்று தெரிந்தது. ஆனால் சிறுநீர் கழிக்கச் சிரமம், சிறுநீர்த் தொற்று ஆகியவை ஸ்லிங்கில் அதிகம்.

மேல்வழி நாடா எலும்புக்குப் பின்னால் போவதால் கிளிட்டோரிஸ் நரம்பிலிருந்து பொதுவாகத் தள்ளியே இருக்கிறது. இங்கே பெரிய கவலை நரம்பில்லை. சிறுநீர்ப்பையில் துளை விழுவதும், எலும்புக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதும்தான். அதனால்தான் ஊசி போனதும் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள்.

பக்கவழிதான் நரம்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஊசி தொடையிடுக்குத் தோலில் தொடங்கி, தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளின் வேரைத் துளைத்து, ஆப்டுரேட்டர் துவாரத்தை மூடியிருக்கும் சவ்வைக் கடந்து, எலும்பின் விளிம்பைச் சுற்றி யோனிக்கு வருகிறது. இந்த ஒரு வளைவில் தசை, தசைநார், ஆப்டுரேட்டர் நரம்பின் சிறு கிளைகள் எல்லாம் குறுக்கே வருகின்றன. உள்ளிருந்து வெளியே போகும் முறையில் நாடா ஆப்டுரேட்டர் நரம்பு வெளிவரும் கால்வாய்க்கு இன்னும் கொஞ்சம் அருகில் அமைகிறது. கிளிட்டோரிஸ் நரம்பும் அதே எலும்பு விளிம்பை ஒட்டித்தான் ஓடுகிறது. நாடா சரியான தடத்தில் போனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்; ஊசி தடம் மாறினால் அந்த இடைவெளி சுருங்கும்.

இந்த வித்தியாசம் எண்களிலும் தெரிகிறது. 597 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து மேல்வழியையும் பக்கவழியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2010-இல் வெளிவந்தது. கசிவு நிற்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் நரம்பு சார்ந்த தொல்லைகள், அதாவது மரத்துப்போதல், கால் பலவீனம் போன்றவை, மேல்வழியில் 4 சதவீதம், பக்கவழியில் 9.4 சதவீதம். மறுபக்கம், சிறுநீர் போகாமல் அடைத்து மீண்டும் ஆபரேஷன் தேவைப்பட்டது மேல்வழியில் 2.7 சதவீதம், பக்கவழியில் யாருக்கும் இல்லை. எந்த வழி நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததன் காரணம் இதுதான். எந்தத் தொல்லையை நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள், எதைத் தாங்க மாட்டீர்கள் என்பதும் முடிவில் சேர வேண்டும்.

நரம்பு எப்படிக் காயப்படுகிறது, எப்படி ஆறுகிறது

ஊசி நேராகக் குத்துவது ஒன்று. ரத்தம் கட்டி அழுத்துவது இன்னொன்று. ஆபரேஷன் மேசையில் கால்களை நீண்ட நேரம் தூக்கி விரித்து வைத்திருப்பதாலும் நரம்பு இழுபடலாம். அப்படி வருவது நாடாவோடு சம்பந்தமே இல்லாதது. இவையெல்லாம் உடனே தெரிந்துவிடும். தாமதமாக வருவது வேறு: வாரங்கள், மாதங்கள் கழித்துத் தழும்பு இறுகி நரம்பைப் பிடிப்பது, அல்லது நாடாவைச் சுற்றித் திசு சுருங்கி இழுப்பது. ஆபரேஷன் முடிந்து நன்றாக இருந்தவருக்குச் சில மாதம் கழித்து வலி தொடங்கினால், அதை மனப்பிரமை என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை.

காயத்தின் ஆழத்தை 1943-இல் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் மூன்றாக வகுத்தார். இன்றும் அதுதான் அடிப்படை. நரம்பு லேசாக நசுங்கி, செய்தி கடத்துவது மட்டும் தற்காலிகமாக நின்றுபோனால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும். உள்ளே நார் அறுந்து, உறை மட்டும் முழுசாக இருந்தால் நார் மறுபடி வளரும். நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஆகவே மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். நரம்பே முழுதாக அறுந்துவிட்டால் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. கசிவு ஆபரேஷனுக்குப் பின் வரும் மரமரப்பில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது, தானாகவே குறைந்துவிடும்.

உடலுறவில் என்ன மாறுகிறது

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மோசமாவதை விட அதுதான் அதிகம் நடப்பது. அழுத்தக் கசிவு உள்ள பல பெண்களுக்கு உடலுறவின்போதும் சிறுநீர் கசிகிறது. கசிந்துவிடுமோ, நாற்றம் வருமோ என்ற பயத்திலேயே நெருக்கத்தைத் தவிர்க்கிறார்கள். கணவருக்குக் காரணம் தெரியாது. கசிவு நின்றதும் இந்தப் பயம் போய்விடுகிறது. 2010 ஆய்வில் பங்கெடுத்த பெண்களைத் தொடர்ந்து பார்த்தபோது, உடலுறவின்போது கசிவதும், அதைப் பற்றிய பயமும், ஏன், வலியும்கூட, இரண்டு வழிகளிலும் குறைந்தது தெரிந்தது. இன்னொரு விவரமும் முக்கியம். உறவு தொடங்கும்போது கசிவது பெரும்பாலும் அழுத்தக் கசிவு. உச்சம் அடையும்போது கசிவதற்கு அவசரக் கசிவோடு தொடர்பு அதிகம். இரண்டாவது வகை நாடாவால் சரியாகாமல் போகலாம். டாக்டரிடம் எப்போது கசிகிறது என்று சொன்னால் தேவையில்லாத ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2012-இல் சொன்னது இது: பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தாம்பத்தியத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மேம்பட்டது, சுமார் எட்டில் ஒருவருக்கு மோசமானது. எட்டில் ஒருவர் என்பது அலட்சியமாகத் தாண்டிப்போகும் எண்ணிக்கை இல்லை. சராசரி நன்றாக இருக்கிறது என்று சொல்வது, மோசமானவருக்கு எந்த ஆறுதலும் தராது.

மோசமாவதற்குக் காரணங்கள் பல, நரம்பு அதில் ஒன்றுதான். யோனிச் சுவரில் வெட்டு சரியாக ஆறாமல் நாடாவின் ஒரு பகுதி வெளியே தெரியலாம். அப்போது விடாத வெள்ளைப்படுதல், ரத்தக்கசிவு, உறவில் குத்தும் வலி, துணைவருக்கும் முள் குத்துவது போன்ற உணர்வு. நாடா அதிகம் இறுகியிருந்தால் முன்சுவரில் ஒரு கயிறு போலத் தட்டுப்படும், அங்கே பட்டாலே வலிக்கும். வலிக்குப் பயந்து இடுப்புத் தளத் தசைகள் தானாக இறுகிக்கொள்வதும் உண்டு. அந்த இறுக்கமே அடுத்த வலிக்குக் காரணமாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனி வறண்டிருந்தால் இவை எல்லாமே இன்னும் கூடும். வறட்சிக்கு யோனியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

நரம்பால் வரும் மாற்றத்துக்குத் தனி அடையாளம் உண்டு. இதழ் அல்லது கிளிட்டோரிஸ் ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருப்பது, தொட்டால் எரிவது, மின்சாரம் பாய்வது போன்ற சுரீர், உச்சம் அடைய முன்பை விட வெகுநேரம் ஆவது அல்லது அதன் வீரியம் குறைந்துவிடுவது. உட்கார்ந்தால் எரிச்சல் கூடி, எழுந்தால் குறைந்து, தூக்கத்தில் எழுப்பாத வலி என்றால் புடெண்டல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். தொடையின் உட்புறம் மரத்து, படுத்துக்கொண்டு இரண்டு முழங்கால்களையும் ஒன்றோடொன்று அழுத்தும்போது ஒரு பக்கம் பலம் இல்லை என்றால் ஆப்டுரேட்டர்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டாக்டர் பஞ்சு முனையால் இரண்டு இதழ்களையும், கிளிட்டோரிஸின் இரு பக்கத்தையும், தொடையின் உட்புறத்தையும் மாற்றி மாற்றித் தொட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பார். ஐந்து நிமிட வேலை. இதை ஆபரேஷனுக்கு முன்பும் ஒருமுறை செய்து எழுதி வைத்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சுகப்பிரசவத்தின்போதே புடெண்டல் நரம்பு இழுபட்டிருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோயும் நரம்பை மந்தமாக்கும். முன்னால் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னால் வரும் குறையை "அது உங்களுக்கு ஏற்கெனவே இருந்திருக்கும்" என்று ஒருவர் சுலபமாகத் தள்ளிவிடலாம். தாம்பத்திய உணர்வைக் கேட்டறிய ஆய்வுகளில் பயன்படும் கேள்வித்தாள்கள் உண்டு. 2000-இல் வந்த ஒன்று 19 கேள்விகள் கொண்டது: ஆசை, கிளர்ச்சி, ஈரம், உச்சம், திருப்தி, வலி. அதே ஆறு தலைப்புகளில் நீங்களே ஒரு காகிதத்தில் இரண்டிரண்டு வரி எழுதி வைத்தாலும் போதும்.

நாடா பற்றிய சர்ச்சை

யோனியில் வைக்கும் மெஷ், அதாவது செயற்கை வலை, ஆபத்து என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. கருப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்காக யோனி வழியாக வைத்த பெரிய வலைத் துண்டுகளின் விற்பனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் உத்தரவிட்டது. கசிவுக்கான குறுகிய நாடா அந்த உத்தரவில் வரவில்லை. இங்கிலாந்து வேறு முடிவு எடுத்தது: 2018-இல் கசிவு நாடாவையும் சேர்த்து நிறுத்தி வைத்தது. 2020-இல் அங்கே வெளிவந்த கம்பர்லெஜ் அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்ன வலியை மருத்துவ அமைப்பு பல ஆண்டுகள் காதில் வாங்கவில்லை என்பதை வெளிப்படையாக எழுதியது. அவர்களில் பலர் சொன்னது உடலுறவு வலியையும், நரம்பு வலியையும், குலைந்துபோன மண வாழ்க்கையையும்தான். நாடாவால் நிம்மதியடைந்த பெண்கள் ஏராளம் என்பதும் உண்மை. பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதும் உண்மை.

கேட்க வேண்டியவை, கவனிக்க வேண்டியவை

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மேல்வழியா பக்கவழியா, எனக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இதே ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? செயற்கை நாடா வேண்டாம் என்றால் என்ன வழி? பின்னால் நாடாவை எடுக்க வேண்டிவந்தால் எடுப்பது யார்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தவறாதீர்கள். வைப்பதை விட எடுப்பது பல மடங்கு கடினம். திசு நாடாவின் கண்களுக்குள் வளர்ந்து பின்னிக்கொண்டிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை உடலுறவு வேண்டாம் என்பார்கள். யோனி வெட்டு ஆறிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு மெதுவாகத் தொடங்கலாம். முதல் சில முறை கொஞ்சம் இறுக்கமும் கூச்சமும் இருப்பது இயல்பு. வழவழப்பான ஜெல் உதவும். சிறுநீர் போகவே முடியாமல் போவது, தொடையில் தாங்க முடியாத வலி, கால் பலவீனம், காய்ச்சலோடு வெள்ளைப்படுதல் என்றால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போய்விட வேண்டும். ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குள் கடுமையான நரம்பு வலி தெரிந்தால், நாடா திசுவோடு பின்னிக்கொள்வதற்கு முன்பே எடுப்பது எளிது என்பதும் ஒரு காரணம்.

வலி நீடித்தால் முதல் படி இடுப்புத் தளப் பிசியோதெரபி. ஆனால் இந்த முறை தசையை இறுக்கும் பயிற்சி இல்லை, தளர்த்தும் பயிற்சி. வலியோடு இருப்பவர் பழைய பழக்கத்தில் கெகல் பயிற்சியைத் தொடர்ந்தால் வலி கூடும். அப்புறம் அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள். நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பதில் இரண்டு பயன்: வலி குறையும், எந்த நரம்பு என்பதும் உறுதியாகும். ஊசி போட்ட சில மணி நேரம் வலி முழுதாக விலகினால் குற்றவாளி அந்த நரம்புதான். இவற்றுக்கும் அடங்காவிட்டால் நாடாவின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பது பற்றிப் பேசலாம். அதற்கு இந்த வேலையில் நிறைய அனுபவம் உள்ள நிபுணரைத் தேடிப் போக வேண்டும். எடுத்த பிறகு பலருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் முழுதாகப் போவதில்லை, சிலருக்குக் கசிவு திரும்பி வருகிறது. மறுபடி கசிந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அந்த நிபுணரிடம் அதே சந்திப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள்.